எலும்பு நோவும் கதிரியக்க மருந்தும்



பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், தர்மபுரத்தில், ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணி. வீட்டார் யாவரும் உறங்கிவிட்டனர். முதியவர் ஒருவர் மாத்திரம் பாயிலிருந்து மெல்ல எழுந்து, சுவரைப் பற்றிக்கொண்டு முற்றத்துக்கு வருகிறார். படுத்தால் இடுப்பெலும்பினுள் எதுவோ குடைவது போலிருக்கிறது. இருந்தால் நாரி எரிகிறது. நின்றால் சற்றே ஆறுதல். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்குப் புரொஸ்டேட் சுரப்பியிலே புற்றுநோய் கண்டு சிகிச்சை செய்யப்பட்டது. நோய் தீர்ந்துவிட்டதென்றே வீட்டார் நம்பியிருக்கின்றனர். இந்தப் புதிய நோவை அவர் எவரிடமும் சொல்லவில்லை. "வயது போனால் நாரி நோகாதோ?" என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொள்கிறார். 2009 ஆம் ஆண்டிலே பட்ட எறிகணைத் துண்டொன்று இன்னும் அவர் தொடையில் இருக்கிறது. அதுவே குளிருக்கு உளைகிறதென்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

இம்முதியவர் என் கற்பனையிலே பிறந்தவர். ஆயினும் இவரைப் போன்றவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். போர்க்காலத்திலே உடலில் தங்கிய உலோகத் துண்டுகளுடன் வாழ்வோர் வன்னியிலே பலர். அந்த ஆண்டின் தொடக்கத்திலே தர்மபுரம் வைத்தியசாலை காயமுற்றோரால் நிரம்பி வழிந்ததை அவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். பழைய காயத்தோடு பழகிய உடல், புதிய நோவொன்று வந்து சேரும்போது அதனையும் பழைய கணக்கிலேயே எழுதிவிடுகிறது. இது மிகவும் இயல்பானது. ஆபத்தானதும் அதுவே.

புற்றுநோய் எலும்பிலே பரவுவதால் உண்டாகும் நோவையும், அந்நோவைத் தணிப்பதற்குக் குருதி நாளத்தின் வழியே செலுத்தப்படும் கதிரியக்க மருந்துகளையும் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன். நோயை முற்றாக நீக்கும் மருந்தைப் பற்றியன்று. இதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. நோய் இருக்கும், நோவு குறையலாம். அவ்வளவே இம்மருந்துகளின் பெரும்பாலான வாக்குறுதி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு முற்றத்திலே நிற்கும் மனிதருக்கு அது சிறிய வாக்குறுதி அன்று.

முதலில், நோய் எலும்பை எவ்வாறு சென்றடைகிறது எனப் பார்ப்போம். மார்பகம், புரொஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட் ஆகிய உறுப்புகளிலே தோன்றும் புற்றுநோய்களுக்கு எலும்பிலே குடியேறும் நாட்டம் மிகுதி. புற்று உயிரணுக்கள் குருதியோடு மிதந்து சென்று, முள்ளந்தண்டு, இடுப்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேல்முனை போன்ற இடங்களிலே தங்குகின்றன. எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருளென்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஓயாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகின்ற வீடு. இடிக்கும் உயிரணுக்கள் ஒரு வகை. கட்டும் உயிரணுக்கள் இன்னொரு வகை. உடல்நலமுள்ளவரிலே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து வேலை செய்கின்றன. புற்று வந்து புகுந்ததும் இந்த ஒழுங்கு குலைகிறது. ஓரிடத்திலே மிகையாக இடிபடுகிறது. அதன் அருகிலே அவசர அவசரமாக, ஒழுங்கின்றி, புதிய எலும்பு கட்டப்படுகிறது. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலே நரம்புகள் நிறைந்துள்ளன. அவ்வுறை இழுபடும்போதும், நோயுற்ற எலும்பிலே நுண்ணிய வெடிப்புகள் தோன்றும்போதும், புற்றுத் திரளிலிருந்து கசியும் இரசாயனப் பொருள்கள் நரம்புகளைத் தீண்டும்போதும் நோவு எழுகிறது.

குளக்கட்டு உடைப்பெடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். ஊரிலுள்ள மண்வண்டிகள் எல்லாம் உடைப்பை நோக்கியே ஓடும். வேறெங்கும் ஒரு வண்டி மண்ணும் விழாது. எலும்பிலே புற்று இருக்கும் இடமும் அத்தகைய உடைப்பே. உடலிலுள்ள கல்சியம் அவ்விடத்தை நோக்கி விரைகிறது. இப்போது அந்த வண்டிகளுள் ஒன்றிலே மண்ணுக்குப் பதிலாக மண்ணைப் போன்றே தோன்றும் வேறொரு பொருளை ஏற்றி அனுப்பினால் என்னவாகும்? காவலர் அதனை இனங்காணார். வண்டி நேரே உடைப்பைச் சென்றடையும். கதிரியக்க மருந்தின் தந்திரம் இதுவே. ஸ்ட்ரோன்சியம், ரேடியம் ஆகிய மூலகங்கள் கல்சியத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உடல் இவற்றைக் கல்சியமென்றே எண்ணி எலும்பிலே சேர்த்துக்கொள்கிறது. கட்டட வேலை எங்கே மும்முரமாக நடக்கிறதோ அங்கேயே மிகுதியாகச் சேர்க்கிறது.

இந்த உண்மையை மனிதர் அறிந்துகொண்ட விதம் மகிழ்ச்சிக்குரியதன்று. முதலாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே கைக்கடிகாரங்களின் முகத்திலே இருளில் ஒளிரும் எண்களை எழுதுவதற்கு இளம் பெண்களை வேலைக்கமர்த்தினர். ஒளிரும் வர்ணத்திலே ரேடியம் கலந்திருந்தது. தூரிகையின் நுனியைக் கூராக்குவதற்கு அதனை உதட்டிலே வைத்து உருட்டும்படி அவர்களுக்குப் பழக்கியிருந்தனர். நாள்தோறும் சிறிது சிறிதாக விழுங்கப்பட்ட ரேடியம் வயிற்றிலே தங்கவில்லை. எலும்பிலே போய்க் குடியேறியது. தாடை எலும்பு அழுகியது, எலும்பிலே புற்றுநோய் தோன்றியது, பலர் இறந்தனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928 இல் உடன்பாட்டிலே முடிந்தது. அவர்கள் விழுங்கிய ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்கு எடுக்கும் காலம், 1600 ஆண்டு. அவர்கள் மண்ணோடு மண்ணாகிய பின்னரும் அது எலும்பிலே கதிர்வீசிக்கொண்டிருக்கும்.

1950களிலே உலகம் இன்னொரு பெயரைக் கேட்டு அஞ்சியது. வானத்திலே வெடிக்கப்பட்ட அணுகுண்டுகளின் துகள் மழையோடு இறங்கி, புல்லிலே படிந்து, பசுவின் பாலிலே கலந்து, குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்தது. அத்துகளிலே இருந்தது ஸ்ட்ரோன்சியம் 90. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே விழுந்த பாற்பற்களைத் தாய்மாரிடமிருந்து சேகரித்து அதனை அளந்தார்கள். 1963 இல் வளிமண்டலத்திலே அணுகுண்டு வெடிப்பதைத் தடைசெய்யும் உடன்படிக்கை உண்டாவதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம். ஆகையால் "ஸ்ட்ரோன்சியத்தை மருந்தாக ஏற்றப் போகிறோம்" என்று வைத்தியர் சொல்லும்போது, படித்த ஒருவர் திடுக்கிட்டால் அவரைக் குறைகூற முடியாது.

ஆனால் ஒரே மூலகத்துக்குப் பல உருவங்கள் உண்டு. இவற்றைச் சமதானிகள் என்பர். பாலிலே கலந்த ஸ்ட்ரோன்சியம் 90 பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 29 ஆண்டு வேண்டும். மருந்தாகும் ஸ்ட்ரோன்சியம் 89 க்கு 50 நாள் போதும். ஓராண்டு கழிந்தால் அதன் கதிரியக்கம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இந்த 89 ஐ எலும்புப் புற்றுக்கு முதன்முதலாகப் பயன்படுத்தியவர் சார்ள்ஸ் பெஷே என்ற இளம் பெல்ஜிய ஆய்வாளர். கலிபோர்னியாவிலுள்ள பேர்க்லி நகரிலே, லோறன்ஸ் அமைத்த சைக்ளொட்ரன் இயந்திரத்தில் உண்டாக்கிய ஸ்ட்ரோன்சியத்தை, புரொஸ்டேட் புற்று எலும்பிலே பரவிய நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். நோவு தணிந்தது. பெஷே 1941 இல் மறைந்தார். போர் மும்முரத்திலே அவருடைய கண்டுபிடிப்பும் மறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது நூலகத்திலே உறங்கி, 1970களில் ஜேர்மன் வைத்தியர்களால் மீண்டும் எடுக்கப்பட்டது. 1993 இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அங்கீகாரம் வழங்கியது. அந்த இடைக்காலத்திலே நோவோடு இறந்தவர்களை எண்ணும்போது, அறிவியலின் ஞாபகமறதியும் ஒரு நோயென்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, மருந்து எவ்வாறு கொடுக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். சத்திரசிகிச்சை இல்லை; மயக்கம் இல்லை. கையிலுள்ள நாளத்தினூடாக ஓர் ஊசி. ஆனால் அதற்கு முன்னர் எலும்பு ஸ்கான் என்னும் சோதனை நடைபெறவேண்டும். தெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஏற்றி, உடலைப் படம்பிடிக்கின்றனர். எலும்பு எங்கெங்கே மும்முரமாகக் கட்டப்படுகிறதோ அங்கெல்லாம் கரும்புள்ளி தோன்றும். நோவு உள்ள இடமும் புள்ளி உள்ள இடமும் பொருந்தினால் மாத்திரமே மருந்து அவ்விடம் போய்ச் சேருமென்று நம்பலாம். எலும்பை அரித்துச் செல்வதோடு நின்றுவிடும் புற்றுகளும் உண்டு, அங்கே கட்டும் வேலை இல்லாமையால் மண்வண்டி போகாது, மருந்தும் போகாது. நம் நாட்டிலே அணு மருத்துவத்தை வளர்த்த இடங்களுள் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவு குறிப்பிடத்தக்கது. உடலிலே உலோகத் துண்டுள்ளவர்களுக்குக் காந்தப் புலத்தைக் கொண்டு படமெடுக்கும் இயந்திரம் சிலவேளை உகந்ததாயிராது; துண்டு அசையக்கூடும். எலும்பு ஸ்கானுக்கு அந்தத் தடையில்லை. வன்னி மக்கள் இதனை அறிந்திருப்பது நன்று. எந்தச் சோதனைக்குப் போனாலும், உடலிலே துண்டு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

ஸ்ட்ரோன்சியம் வெளிவிடும் பீற்றாத் துணிக்கைகள் சில மில்லிமீற்றர் தூரமே ஊடுருவும். ஆகையால் தாம் தங்கிய இடத்தையும் அதன் அயலையும் மாத்திரமே தாக்குகின்றன. ஊசி போட்ட மறுநாளே நோவு மறைந்துவிடுமென்று எதிர்பார்த்தல் கூடாது. மாறாக, சிலருக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் நோவு கூடுகிறது. இதனை முன்கூட்டியே சொல்லாத காரணத்தால், மருந்து பிழைத்துவிட்டதென்று அஞ்சும் குடும்பங்கள் உண்டு. உண்மையில் அது சில நாட்களில் அடங்கும். ஆறுதல் ஒன்றிரண்டு வாரத்துக்குப் பின்னரே தொடங்கும். அதன்பின் பல மாதங்களுக்கு நிலைக்கலாம். ஏற்கும் நோயாளர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நோவு குறைகிறது. சிலருக்கு முற்றாகவே நீங்குகிறது. எஞ்சியவர்களுக்குப் பயன் கிட்டுவதில்லை. இதனையும் மறைக்காமல் சொல்வதே முறை.

எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையிலேதான் குருதி உயிரணுக்கள் பிறக்கின்றன. அயலிலே விழும் கதிர்வீச்சினால் அதுவும் ஓரளவு தளர்கிறது. குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகளும் வெண்குழியங்களும் ஒரு மாதத்துக்குப் பின்னர் மிகவும் குறைந்து, மேலும் சில வாரங்களில் மீளுகின்றன. ஆகவே ஏற்கெனவே குருதி நலிந்தவர்களுக்கு இம்மருந்து ஆகாது. ஊசிக்குப் பின் பல வாரங்களுக்குக் குருதிப் பரிசோதனை தவறாமல் செய்யப்படவேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் தயங்கியே கொடுப்பர்; எலும்பிலே சேராத மருந்து பெரும்பாலும் சிறுநீரோடுதான் வெளியேறுகிறது.

இவ்விடத்திலே தூரத்தைப் பற்றிப் பேசவேண்டும். கடையிலே வாங்கும் மாத்திரையை அலுமாரியிலே வைத்திருக்கலாம். கதிரியக்க மருந்தை அவ்வாறு வைத்திருக்க முடியாது. அது பிறந்த கணத்திலிருந்தே தேய்ந்துகொண்டிருக்கிறது. சமேரியம் 153 என்பது எலும்பு நோவுக்குப் பயன்படும் இன்னொரு மருந்து. அதன் அரைவாழ்வுக்காலம் 46 மணித்தியாலம். திங்கட்கிழமைக்கென வந்த மருந்து புதன்கிழமை பாதிக்கும் கீழே போய்விடும். வெள்ளிக்கிழமை காற்பங்கும் எஞ்சாது. அனுப்புகிறவர்கள் பயண நாளைக் கணக்கிட்டுத்தான் அனுப்புவர். ஆனால் நோயாளி வராத நாளை அவர்கள் எவ்வாறு கணக்கிடுவர்? 2018 டிசெம்பரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அத்தகையதொரு வாரத்தில், தர்மபுரத்திலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்பிலே ஒரு முதியவருக்கென அந்த மருந்து காத்திருந்தால், வீதி திறக்கும்போது குப்பியிலே திரவம் இருக்கும், வலு இராது.

இலங்கையிலே அணு உலை இல்லை. ஆகையால் அணு உலையிலே பிறக்கவேண்டிய மருந்துகள் கடல் கடந்தே வரவேண்டும். நமக்கு மிக அண்மையிலுள்ள பெரிய உற்பத்தித் தலம் மும்பாய்க்கு அருகிலுள்ள துரொம்பே. அங்கே 1956 இல் அப்சரா என்னும் அணு உலை இயங்கத் தொடங்கியது. ஆசியாவிலே அத்துறையில் அது முன்னோடி. 1985 இல் துருவா என்னும் பெரிய உலை வந்தது. அணுசக்தி என்றதும் நமக்குக் குண்டும் மின்சாரமும் நினைவுக்கு வருகின்றன. அதே உலையினுள்ளே நாள்தோறும் சிறு சிறு குப்பிகளில் மருந்துக்கான மூலகங்களும் வெந்துகொண்டிருக்கின்றன என்பதைப் பலர் அறியார். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சமேரியத்தை மருந்தாக்கினர். எலும்பைத் தேடிச் செல்லும் ஒரு பொசுபேற்றுச் சேர்வையோடு அதனைப் பிணைத்து அனுப்பினர். சமேரியம் தானாக எலும்பைத் தேடுவதில்லை, அதற்கு ஒரு வழிகாட்டி வேண்டும்.

பின்னர் அவர்களது கவனம் லுட்டீசியம் 177 இன் பக்கம் திரும்பியது. காரணம் தெளிவானது. லுட்டீசியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ ஆறேமுக்கால் நாள். நான்கு நாள் பயணத்துக்குப் பின்னும் மூன்றில் இரண்டு பங்கு எஞ்சியிருக்கும். பெரிய நாடொன்றிலே, விமானமும் புகையிரதமும் மோட்டார் வண்டியும் மாறி மாறி ஏறவேண்டிய மருந்துக்கு இது பேருதவி. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் வைத்தியர்கள் அதனை எலும்பு நோவுள்ள நோயாளர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்து, பயன் தருவதைக் கண்டு எழுதியுள்ளனர். வழிகாட்டிச் சேர்வையைத் தூளாக்கிக் குப்பியிலே அடைத்து அனுப்பி, வைத்தியசாலையிலேயே லுட்டீசியத்தோடு கலந்துகொள்ளும் முறையையும் துரொம்பேயிலே வகுத்தனர். ஸ்ட்ரோன்சியத்துக்கு இன்னும் பெரிய வசதி உண்டு: ஐந்து நாள் தாமதித்தாலும் நூற்றுக்கு ஏழு பங்கே குறைகிறது. மருந்தைத் தெரிவு செய்யும்போது நோயின் தன்மையை மாத்திரமன்றி வீதியின் தன்மையையும் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. நகரத்திலே இருந்து நூல் எழுதுவோருக்கு இது எளிதில் தோன்றுவதில்லை.

இக்குடும்பத்திலே மிகவும் புதிய உறுப்பினர் ரேடியம் 223. கடிகாரப் பெண்களை அழித்த ரேடியத்தின் தம்பி எனலாம். ஆனால் இதன் அரைவாழ்வுக்காலம் பதினொரு நாள் சொச்சம். இது வெளிவிடுவது அல்பாத் துணிக்கை. கனமானது; வலியது; ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தூரம் கூடச் செல்லாது. ஆகவே மச்சைக்கு நேரும் சேதம் குறைவு. நான்கு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. புரொஸ்டேட் புற்று எலும்பிலே பரவிய 921 நோயாளரிடம் நிகழ்த்திய பெரிய ஆய்வொன்று 2013 இல் வெளியாயிற்று. ரேடியம் பெற்றவர்களின் நடுத்தர ஆயுள் 14.9 மாதம், பெறாதவர்களுக்கு 11.3 மாதம். நோவைத் தணிப்பதோடு ஆயுளையும் நீட்டிய முதல் எலும்புக் கதிர்மருந்து இதுவே. மூன்றரை மாதம் சிறிதா பெரிதா என்பதை அந்த மூன்றரை மாதத்தை வாழ்ந்தவரே சொல்ல வேண்டும். ஆனால் 2018 இல் இன்னொரு பாடமும் கிடைத்தது. அபிறாற்றறோன் என்னும் மாத்திரையோடு சேர்த்து இதனைக் கொடுத்தபோது எலும்பு முறிவுகள் கூடின; ஐரோப்பாவிலே அச்சேர்க்கை தடுக்கப்பட்டது. விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலே நிற்கிறது.

கதிரியக்க மருந்து ஏற்றிய ஒருவர் வீடு திரும்பினால், வீட்டார் மனத்திலே எழும் கேள்விகள் பல. பேரப்பிள்ளை மடியிலே ஏறலாமா? ஸ்ட்ரோன்சியத்தின் பீற்றாத் துணிக்கைகள் உடலைக் கடந்து வெளியே வருவதில்லை எனலாம். பிள்ளை மடியிலே ஏறட்டும். சமேரியமும் லுட்டீசியமும் காமாக் கதிரையும் சிறிது வெளிவிடுவதால், குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் எத்தனை நாள் விலகியிருக்கவேண்டுமென்று வைத்தியசாலையிலே சொல்வார்கள். சாப்பாடு ஒன்றாய் உண்ணலாம். கவனிக்கவேண்டியது சிறுநீர். முதல் ஒரு வாரம் வளவின் மூலையிலே போகாமல் மலசலகூடத்திலேயே கழிக்கவேண்டும். ஆண்களும் இருந்தே கழித்தல் நன்று. வழக்கத்தைவிட இருமடங்கு நீர் ஊற்றி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். குருதியோ சிறுநீரோ பட்ட துணியைத் தனியே துவைக்கவேண்டும். அவரது தட்டையும் பாயையும் ஒதுக்கி வைத்து, அவரைத் தீண்டத்தகாதவர் போல் நடத்துவதற்கு எவ்விதக் காரணமும் இல்லை. நோவினும் அதிகமாக அது சுடும்.

இன்னொன்றைச் சொல்வதற்கு நாக் கூசுகிறது; ஆயினும் சொல்லியாக வேண்டும். ஊசி போட்டுச் சில வாரங்களுக்குள் நோயாளி இறந்துவிட்டால், தகனம் செய்வதற்கு முன்னர் வைத்தியசாலைக்கு அறிவிக்கவேண்டும். ஸ்ட்ரோன்சியம் நெருப்பிலே அழிவதில்லை, சாம்பலிலே தங்கும். நம்மவர் சாம்பலைக் கையால் அள்ளி, கீரிமலைக்கோ வேறு தீர்த்தத்துக்கோ கொண்டு சென்று கரைப்பவர்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, லுட்டீசியம் பெற்றுச் சில நாட்களில் இறந்த ஒருவரைத் தகனம் செய்த கூடத்திலே கதிரியக்கம் படிந்திருந்ததை 2019 இல் வைத்தியர்கள் எழுதினர். பேரபாயமென்று அவர்கள் சொல்லவில்லை. அறிவிக்கும் முறை வேண்டுமென்றே சொன்னார்கள். சில மாதங்களேனும் வாழ்வாரென்று எதிர்பார்க்கப்படுபவருக்கே ஸ்ட்ரோன்சியம் கொடுப்பதற்கு, பயன் தொடங்கச் செல்லும் வாரங்களோடு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் கேட்டபின், "இம்மருந்து கிடைக்கும்வரை நோவைச் சகித்திருக்க வேண்டியதுதான்" என்று எவரேனும் எண்ணினால், என் பேச்சு தீங்கு செய்ததாக முடியும். கதிரியக்க மருந்து பல இடங்களிலே ஒரே காலத்தில் நோகின்றவர்களுக்கு உரியது. ஓரிடத்திலே மாத்திரம் நோவு இருந்தால், அவ்விடத்துக்கு வெளியிலிருந்து கதிர்ச் சிகிச்சை அளிப்பதே எளிது. முன்பு பத்து நாள் தொடர்ந்து சென்று பெறவேண்டியிருந்ததை, இப்போது 8 கிரே அளவில் ஒரே நாளிலே கொடுத்துவிடலாம். நோவைத் தணிப்பதில் இரண்டும் ஒன்றே என்பது பல ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. சிலருக்குப் பின்னர் ஒருமுறை திரும்பவும் தேவைப்படலாம். அவ்வளவே வேறுபாடு. தர்மபுரத்திலிருந்து செல்பவருக்குப் பத்துப் பயணத்துக்கும் ஒரு பயணத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிகிச்சைக்கு மகரகமை வரை போகவேண்டியிருந்த காலமும் மாறியது. 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து சென்று திரட்டிய பணத்தைக் கொண்டு, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2013 இல் திறக்கப்பட்டது. கதிர்ச் சிகிச்சையும் அங்கே அளிக்கப்படுகிறது. பரந்தன் சந்தியிலே பேருந்து மாறி, ஆனையிறவைக் கடந்து, யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்து தெல்லிப்பழை. காலையிலே புறப்பட்டு மாலையிலே திரும்பலாம்.

மோர்பின் உண்டு. அதனைப் பற்றி நம்மவரிடையே உள்ள அச்சம் பெரிது. "மோர்பின் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், இனி முடிவுதான்" என்று முணுமுணுப்பார்கள். முடிவைக் கொண்டுவருவது நோயேயன்றி மோர்பின் அன்று. புற்றுநோயின் நோவுக்குப் படிப்படியாக மருந்தை உயர்த்தி, தேவையானபோது வாயால் அருந்தும் மோர்பினைக் காலம் தவறாமல் கொடுக்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே வகுத்துக் கூறிவிட்டது. அது மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கு உடன் மருந்து வேண்டும். முதல் சில நாட்கள் தூக்கம் வரும். பல இரவுகள் உறங்காதவர் உறங்குவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

இனி, உடனே செல்லவேண்டிய நிலை ஒன்று உண்டு. நாரி நோவுள்ள புற்றுநோயாளிக்குக் கால்கள் திடீரெனச் சோர்ந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, முள்ளந்தண்டினுள்ளே நரம்பு நசுங்குகிறது என்பது பொருள். அதற்குக் கதிரியக்க ஊசி உதவாது, காத்திருக்கவும் கூடாது. மறுநாள் கிளினிக்குக்கென்று வைத்திருக்காமல் அன்றைக்கே, இரவானாலும், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஒரு நாள் தாமதம் அவரை நிரந்தரமாகப் படுக்கையிலே கிடத்திவிடக்கூடும்.

முற்றத்திலே நிற்கும் நம் முதியவருக்குக் கால்களிலே வலு இருக்கிறது. அவருக்கு அவகாசம் உண்டு. வீட்டிலே ஒருவர் செய்யவேண்டிய வேலை சிறியது. மூன்று ஆண்டுக்கு முன் தந்த நோய்ச் சான்று, பழைய படங்கள், கிளினிக் கொப்பி யாவற்றையும் ஒரு பையிலே சேர்த்து வையுங்கள். தொடையிலுள்ள உலோகத் துண்டைப் பற்றிய பழைய வைத்தியக் குறிப்பு இருந்தால் அதையும் வையுங்கள். பின்னர் ஒரு தாளை எடுத்து, எங்கெங்கே நோகிறது, படுத்தால் கூடுகிறதா குறைகிறதா, எந்த மாத்திரைக்கு எத்தனை மணித்தியாலம் அடங்குகிறது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். ஆகையால், நேற்றிரவு எத்தனை மணிக்கு எழுந்து முற்றத்துக்கு வந்தீர்கள் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.